கன்னிக்குச் சொன்ன கதை

மகள் நந்தனாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டே தன் அப்பாவின் கடைக் கதையைச் சொல்லத் தொடங்கிய பிந்து, பாதியில் நின்றுபோனாள். கருங்கல் சந்தையில் அப்பாவுக்கு ஒரு கடை இருந்தது என்பது வரைக்கும் வந்தது. அதற்கு மேல் வரவில்லை. எத்தனையோ தடவை சொன்ன கதை. மழை பெய்தால் இதைக் கேட்காமல் பிள்ளை சோற்றுக்கு வாயைத் திறக்காது. பிந்துவுக்கும் தன் சிறுவயதுக் கதைகளில் இதைவிடப் பிடித்தது வேறு கிடையாது.

"சொல்லும்மா."

"என்ன கடை அது?"

அம்மா விளையாடுகிறாள் என்று நினைத்து நந்தனா சிரித்தாள். "குடைக்கடை. நீ குடைக்கெட்டுக்குப் பின்னால ஒறங்கிட்ட. கருங்கல் தாத்தா அறியாம பலகையெல்லாம் போட்டு அடச்சிட்டுப் போயிட்டாரு. பொறவு பாதி வழியில ஓர்ம வந்து ஓடி வந்து தொறந்தாரு. நீ கரஞ்சிட்டே தாத்தா கழுத்தக் கெட்டிப் பிடிச்ச."

பிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். நல்ல கதைதான். யாருடைய கதையோ என்றிருந்தது. அப்பா ஓடி வந்ததும் அழுதுகொண்டே கழுத்தைக் கட்டிப் பிடித்ததும் தன் மனதில் எங்கே துழாவியும் இல்லை. அந்த இடத்தில் வேறொன்று இருந்தது. தொண்டைக்குள் அரிக்கிற உமித்தூசி, புது நெல்லின் சூடு, பலகைமேல் பலகை இறங்கும்போது வருகிற தடித்த சத்தம். கடை அடைக்கிற சத்தம்தானே என்று தன்னைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தாள். ஆனால் கடைப்பலகையின் சத்தம் வெளிச்சத்தில் நின்று கேட்பது. இது உள்ளே இருந்து கேட்டது.

கொஞ்ச நாளாக உறக்கம் சரியில்லை, அதனால்தான் என்று நினைத்து எச்சில் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு நூற்றாண்டு வருகிறது. அங்கே பாடம் எடுக்கிற பிந்துவின் தலையில்தான் விழா மலர் தயாரிக்கிற வேலை வந்து விழுந்தது. ஊரின் பழைய கதைகளையும் பெரியவர்களின் சிறுவயது நினைவுகளையும் வீடு வீடாகப் போய்க் கேட்டு வாங்க வேண்டும். சும்மா போய்க் கேட்டால் இந்தப் பக்கத்து ஆட்கள் வாயைத் திறப்பார்களா? "எனக்கென்ன அறியும், நீ சாயா குடி" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். அதற்கு பிந்து ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். முதலில் தன் கதை ஒன்றைச் சொல்லுவாள். சொல்லி முடித்துச் சும்மா உட்கார்ந்திருப்பாள். பெற்றுக்கொண்டதைத் திருப்பிக் கொடுக்காமல் மனிதர்களால் இருக்க முடியாது. சிதறால் மலைப் பாறையில் கமுகம்பாளைமேல் சறுக்கி நிக்கரைக் கிழித்துக்கொண்டு வீட்டுக்குப் போகப் பயந்து மலைக் கோயிலிலேயே ஒளிந்திருந்த கதை அப்படித்தான் கிடைத்தது. பஞ்ச காலத்தில் உலர்ந்த மரச்சீனிக் கிழங்கைத் திருடித் தின்ற கதையும் அப்படித்தான்.

வெளியே மழை விட்ட பாடில்லை. கலெக்டர் லீவு விட்டிருந்தார். மாமனார் கிருஷ்ணமணி கண் ஆஸ்பத்திரிக்கு நாகர்கோவில் போனவர், மழையைப் பார்த்து மகள் வீட்டிலேயே தங்கிவிட்டார். புருஷன் ரதீஷ் மஸ்கட்டில். இத்தனை பெரிய ஓட்டு வீட்டில் இவளும் பிள்ளையும் மட்டும். ஓட்டுமேல் விழுகிற மழை ஒரே சீராக இரைந்துகொண்டிருந்தது. அந்த இரைச்சலுக்கு அடியில், வீட்டின் பின்கட்டில், பத்தாயம் இருக்கிற அறையிலிருந்து ஏதோ பொடிப்பொடியாக உதிர்கிற சத்தம் வந்தது. எலிதான். எலியாகத்தான் இருக்க வேண்டும். நெல் போட்டு எத்தனையோ வருஷமான பத்தாயத்தில் எலிக்கு என்ன வேலை என்று மட்டும் அவள் யோசிக்க விரும்பவில்லை.

அந்தப் பத்தாயம் ஒரு சின்ன அறை அளவுக்குப் பெரியது. அயனி மரப் பலகையில் செய்தது. முன்பக்கம் இரண்டு தூணிலும் பள்ளம் வெட்டி, பலகைகளை மேலிருந்து ஒவ்வொன்றாக இறக்கி அடைக்க வேண்டும். அடைத்துவிட்டால் வெளியே நிற்கிறவர்தான் எடுக்க முடியும். இப்போது வயல் எல்லாம் வாழையும் ரப்பரும் ஆகிவிட்டதால் கீழ்ப் பலகைகளை மட்டும் விட்டுவிட்டு, மீதியைச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார்கள். பத்தாயத்துக்கு மேல் உத்திரத்தில் ஒரு ஓலைப்பெட்டி தொங்கும். கன்னிப்பெட்டி. கல்யாணமாகாமல் செத்த பெண்பிள்ளை வீட்டுக்குக் கன்னி. வருஷத்துக்கு ஒரு நாள் அவளுக்குப் புதுப் பாவாடையும் வளையலும் ரிப்பனும் அந்தப் பெட்டியில் வைத்து, பச்சரிசி மாவும் கருப்பட்டியும் படைப்பார்கள். இந்த வீட்டுக் கன்னி, மாமனாரின் தங்கை நீலம்மை. நந்தனா வயதில் போனவள்.

இந்த வருஷம் மாமியார் உயிரோடு இல்லாததால் படைக்கிற பொறுப்பு பிந்துவுக்கு வந்தது. போன வாரம் படைப்பு நாளில் மாமனார் அறை வாசலில் நின்றே சொல்லிக்கொடுத்தார், உள்ளே வரவில்லை.

"வச்சிட்டு வந்துரணும் மக்களே. உடுப்பு குடுக்கலாம், திங்கக் குடுக்கலாம். பேச்சு மட்டும் குடுக்கப்பிடாது."

"ஏன் மாமா?"

"குடுத்தா அவளும் குடுப்பாள்லா" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

பிந்துவும் பேசாமல்தான் வந்திருப்பாள். அன்று காலையில் விக்டோரியா டீச்சரைப் பார்க்காமல் இருந்திருந்தால். அதே பள்ளிக்கூடத்தில் படித்து, அங்கேயே தலைமை ஆசிரியையாகி, ஓய்வு பெற்று வயலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற டீச்சரிடம் வழக்கம்போலக் குடைக்கடைக் கதையைச் சொன்னாள். கேட்டு முடித்ததும் டீச்சர் வயலுக்கு இந்தப் பக்கம் இருக்கிற பிந்துவின் வீட்டைப் பார்த்தார்.

"உனக்கு அப்பா வந்துட்டாரு பிந்து. உங்க வீட்டு நீலம்மைக்கு ஒருத்தரும் வரல்ல. நாங்க எல்லாரும் ஒளிச்சு விளையாடிட்டு இருந்தோம். அவ பத்தாயத்துக்குள்ள எறங்கினத யாரும் காணல்ல. அறுப்பு முடிஞ்ச நேரம். வேலையாளுவ வந்து பலகையப் போட்டுட்டு, மேல ஏறி நின்னு நெல்லத் தட்டினாங்க. எங்கெல்லாமோ தேடினோம். குளத்துல எறங்கித் தேடினாங்க. நெல்லு எடுக்கும்போ தான் கிட்டினா." டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இத மலர்ல போடாத, கேட்டியா?"

அந்தக் கனத்தோடுதான் அன்று மத்தியானம் பத்தாயத்துக்கு முன்னால் நின்றாள். சின்னப் பாவாடையைப் பெட்டிக்குள் மடித்து வைக்கும்போது நந்தனாவின் இடுப்பு அளவுதான் ஞாபகம் வந்தது. பாவம், ஆறுதலாக ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துபோகும் என்று தோன்றியது. "நானும் ஒரு நாள் பலகைக்குள்ள மாட்டிக்கிட்டேன் மோளே" என்று தொடங்கி, குடைக்கடைக் கதையை முழுசாகச் சொன்னாள். அப்பா வந்து திறந்தது வரைக்கும். சொல்லி முடித்து, பழக்கதோஷம், சும்மா நின்றாள். ஒன்றும் நடக்கவில்லை. ஓலைப்பெட்டி மட்டும் கொஞ்சம் ஆடியது. காற்றாக இருக்கும் என்று வந்துவிட்டாள்.

இப்போது பாத்திரம் கழுவிக்கொண்டே அதை நினைத்தபோது கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். மாமா சொன்னதும் இன்று கதை மறந்ததும் சேர்ந்து புத்தியில் உறைத்தது. கொடுத்தது போயிருக்கிறது. பதிலுக்கு ஒன்று வந்திருக்கிறது.

சரி, ஒரு கதைதானே போயிற்று என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டாள். அப்போது நந்தனா பின்னால் வந்து நின்றாள்.

"அம்மா, இன்னைக்கு அந்த ரூம்ல போய்க் கத சொல்லல்லியா?"

"எந்த ரூம்ல?"

"பத்தாயத்து ரூம்ல. நான் ஸ்கூல் விட்டு வந்து ஒறங்கும்போ நீ தினமும் போவல்லா. கதவச் சாத்திட்டு சிரிச்சுச் சிரிச்சுச் சொல்லுவ. எனக்குச் சொல்லாத கதையெல்லாம் அங்க சொல்லுவ."

அந்த அறைக்குப் படைப்பு நாளுக்குப் பிறகு போனதாகப் பிந்துவுக்கு நினைவே இல்லை. நினைவு இல்லை என்பதுதானே பயம். அவசரமாகத் தன் சிறுவயதைத் தேடினாள். பிறந்த வீட்டில் கிணறு எந்தப் பக்கம்? தெரியவில்லை. அம்மா எந்தச் சட்டியில் எண்ணெய் காய்ச்சுவாள்? தெரியவில்லை. முதல் வகுப்பு டீச்சர், திருவிழாக் கடையில் வாங்கிய சங்கிலி, கூடப் படித்த பிள்ளைகள், எல்லா இடத்திலும் ஒரே இருட்டு. அந்த இருட்டில் நெல் வாசனை.

தம்பி லிபின் கருங்கலில் செல்போன் கடை வைத்திருக்கிறான். அவனைக் கூப்பிட்டாள்.

"லிபினே, நம்ம வீட்டுக் கிணறு எங்க இருந்துது?"

அவன் சிரித்தான். "குட்டி மோளே, போன அம்மாகிட்ட குடு."

"நான்தான்ல பிந்து."

"மாமாவ ஏமாத்தப் பாக்கியா? குடு மக்களே, கடையில ஆளு நிக்காங்க."

அவள் பேச வாயெடுத்தாள். தன் குரலைத் தானே அப்போதுதான் கேட்டாள். மெல்லிய குரல். பால்பல் விழுந்த வாயிலிருந்து வருகிற குரல். போன் அணைந்தது. அதே நேரம் கரண்டும் போனது, சாயங்காலம் ஆகுமுன்பே வீடு இருண்டது.

இனி இந்த வீட்டில் ஒரு நிமிஷம் இருக்கக் கூடாது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வயல் வரப்பு வழியாக விக்டோரியா டீச்சர் வீட்டுக்கு ஓடிவிட வேண்டும். தண்ணீர் ஏறியிருக்கும். ஏறட்டும். என்ன மறந்தாலும் சரி, அப்பா, கடை, கிணறு எல்லாம் போகட்டும், நந்தனா என்கிற பெயர் மட்டும் தன்னிடம் இருக்கிறது, பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிவிட்டால் போதும். அவளுக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது.

முன்கதவை நோக்கி ஓடினாள். மேல்தாழ் போட்டிருந்தது. தினமும் காலையில் பால் வாங்கத் திறக்கிற தாழ்தான். கையை உயர்த்தினாள். எட்டவில்லை. கால் விரலில் நின்று எக்கினாள். எட்டவில்லை. கதவு உயர்ந்துகொண்டு போகிற மாதிரி இருந்தது. உடுத்தியிருந்த நைட்டி காலைத் தட்டித் தரையில் கிடந்தது. ஸ்டூலை இழுக்கப் பார்த்தாள், அது நகர மறுத்தது.

"நந்தனா."

பிள்ளை வரவில்லை.

"நந்தனா, விளையாடாத மக்கா. இஞ்ச வா."

பின்கட்டில் ஒரு சிரிப்பு. பிள்ளைச் சிரிப்பு. வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறது. பத்தாயத்து அறையிலிருந்துதான்.

போகக் கூடாது என்று உடம்பெல்லாம் சொன்னது. போகாமல் எப்படி இருப்பாள், பெற்றவள் அல்லவா. சுவரைத் தடவிக்கொண்டு போனாள். நைட்டியின் நுனியை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த அறையில் ஓட்டுக்கு நடுவே பதித்த கண்ணாடி வழியாகக் கொஞ்சம் வெளிச்சம் விழுந்தது. ஓலைப்பெட்டி கவிழ்ந்து தரையில் கிடந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. பத்தாயத்தின் கீழ்ப் பலகைகள் இடுப்புயரம் இருக்கும், இன்று அவள் நெஞ்சுக்கு வந்தன. உள்ளே இருட்டு மூச்சு விட்டது.

"அம்மா, பேடியா இருக்கு" என்று பயந்து அழைத்தது உள்ளேயிருந்து நந்தனாவின் குரல்.

பிந்து தொற்றி ஏறிக் குதித்தாள்.

உள்ளே நாலு மூலையிலும் தடவினாள். மரம். மரம். உமித்தூசி. மரம். நாலாவது மூலையில் ஒரு கை இருந்தது. சூடான கை. அது அவள் கையைப் பிடித்துக்கொண்டது, நன்றாக இறுக்கி, திருவிழாக் கூட்டத்தில் அப்பாவின் கையைப் பிடிக்கிற மாதிரி. பிறகு அவளைத் தாண்டி வெளியே ஏறிப் போனது. போகும்போது நைட்டி அவள் உடம்பிலிருந்து உருவிக்கொண்டு போனது.

முதல் பலகை இறங்கியது. கூப்பிட்டது நந்தனா இல்லை என்று அப்போதுதான் புரிந்தது.

"நந்தனா வெளிய நிக்கா. நந்தனாவத் தொடாத" என்று கத்தினாள். கத்தலாக வரவில்லை. சின்னச் சிணுங்கலாக வந்தது.

அடுத்த பலகை. அதற்கடுத்தது. வெளியே நிற்கிறவளுக்கு அவசரமே இல்லை. ஒவ்வொன்றையும் பள்ளத்தில் பார்த்துப் பொருத்தி, உள்ளங்கையால் தட்டி இறக்கினாள். நடுவில் ஒரு பலகைக்குக் கீழே ஒரு விரல் அளவு இடுக்கு மிஞ்சியது. பிந்து எக்கி அதில் கண்ணை வைத்தாள். இடுப்பில், பெட்டியில் வைத்த புதுப் பாவாடையின் கஞ்சி உரசியது.

அறை வாசலில், வெளிச்சம் விழுகிற இடத்தில், ஒரு பெண் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். பிந்துவின் நீல நைட்டி. பிந்துவின் தோள். பிந்துவின் கொண்டை. அவள் மடியில் நந்தனா. உறக்கத்திலிருந்து எழுந்து வந்த முகம்.

"எங்கம்மா போயிட்ட?"

"எங்கயும் போகல்ல மக்கா. கத சொல்லட்டா?"

"மத்தியானம் மறந்துட்டேன்னு சொன்ன."

"இப்ப ஓர்ம வந்தாச்சு." அந்தப் பெண் சிரித்தாள். என்ன சந்தோஷம் அந்தச் சிரிப்பில், வாயெல்லாம் பல். "கருங்கல் சந்தையில எங்க அப்பாவுக்குக் குடைக்கடை. நான் பலகைக்குள்ள மாட்டிக்கிட்டேன். ஒரே இருட்டு. ஆனா எங்க அப்பா ஓடி வந்தாரு கேட்டியா, என்னைத் தேடி ஓடி வந்து தொறந்தாரு."

பிந்து பலகையில் அடித்தாள். இரண்டு கையாலும் அடித்தாள். கை சின்னதாக இருந்தது, சத்தமும் சின்னதாக இருந்தது.

நந்தனா திரும்பிப் பார்த்தாள். நேராக இடுக்கைப் பார்த்தாள். "உள்ள யாரும்மா?"

"எலி."

பிள்ளை இன்னும் கொஞ்சம் பார்த்தது. பிறகு அம்மாவின் நெஞ்சில் சாய்ந்துகொண்டது. பிந்து தன்னிடம் மிச்சமிருந்ததைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். நந்தனா. என் பிள்ளை. நந்தனா. பிறந்த அன்றும் மழை. துணியில் சுற்றிக் கையில் கொடுத்தார்கள். காதுமடல் ரோஜா நிறம். நந்தனா. இதைக் கொடுக்கவில்லை. இதை நான் யாருக்கும் சொல்லவில்லை.

"இன்னொண்ணு சொல்லும்மா."

"என்ன வேணும்?"

"நான் பிறந்த கத."

வேண்டாம். அதைக் கேட்காதே மக்கா.

அந்தப் பெண் பத்தாயத்தைத் திரும்பிப் பார்த்தாள். பழக்கப்பட்டவள் மாதிரி, சும்மா காத்திருந்தாள். பிந்து உதட்டைக் கடித்தாள். ஆனால் உதடு தானாக அசைந்தது. உள்ளே அவள் முணுமுணுக்க, வெளியே அந்தப் பெண் சொன்னாள். "நீ பிறந்த அன்னைக்கும் இதே மழை. துணியில சுத்தி என் கையில தந்தாங்க. உன் காது ரோஸ் கலர்ல இருந்துது. அப்பவே நான் பேரு வச்சிட்டேன்."

"என்ன பேரு?"

சொன்னாள்.

இடுக்கு வழியே பார்த்துக்கொண்டிருந்த சிறுமிக்கு அந்தப் பெயர் பிடித்திருந்தது. யாரோ ஒரு அம்மா, யாரோ ஒரு பிள்ளை. அம்மா பிள்ளைக்குத் தலைவாரிவிட்டாள். இருவரும் எழுந்து கைகோத்து முன்கட்டுக்குப் போனார்கள். தாழ் திறக்கிற சத்தம் கேட்டது. மழை நின்றிருந்தது. வெளியே எங்கோ வெயில் அடிக்கிற முற்றத்தில் பிள்ளைகள் ஒவ்வொருவராக நீலம்மை என்று பெயர் சொல்லித் தேடிக்கொண்டிருந்தார்கள். விளையாட்டு இன்னும் முடியவில்லை. மேலே பலகையில் ஆட்கள் ஏறும் காலடி. முதல் கூடை நெல் அவள் தலையில் விழுந்து தோள் வழியே சரிந்தது. சூடாக இருந்தது. முழங்கால் மறைந்தது, இடுப்பு மறைந்தது. சத்தம் போட்டால் தோற்றுப்போவாள். சிரிப்பை அடக்க முடியாமல் அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.